குடும்பத்திற்கு மருத்துவக் காப்பீடு

(நம் பங்கின் வெள்ளி விழாவையொட்டி, பங்கு மன்றத்தில் நடைபெற்ற குடும்பக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



"முப்பது ஆண்டு பள்ளி அலுவலகத்தில் கணக்கு எழுதியவர் நீங்கள், மருத்துவக் காப்பீடு பற்றி நம் மக்களுக்கு நாலு வார்த்தை சொல்லுங்கள்" என்று விழாக் குழுவினர் கேட்டபோது தயங்கினேன். நான் மருத்துவனும் அல்லன், வழக்கறிஞனும் அல்லன். காப்பீட்டு முகவனும் அல்லன்; ஆகவே உங்களிடம் எதையும் விற்க வரவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பின் ஏன் இசைந்தேன்? என் மனத்தை உறுத்தும் ஒரு நிகழ்ச்சியினால்தான். நான் பணியாற்றிய பள்ளியில், ஆண்டுதோறும் கட்டணத்தோடு காப்பீட்டிற்கென ஒரு சிறு தொகையும் வாங்குவோம். "இது எதற்கு ஐயா?" என்று கேட்கும் பெற்றோரிடம், "பிள்ளைக்கு இன்சூரன்சு அம்மா" என்று ரசீதைக் கிழித்துக் கொடுப்பேன். ஒரு மழைக்காலத்தில், ஏழாம் வகுப்பு மாணவன் ஒருவன் டெங்குக் காய்ச்சலால் பத்து நாள் தனியார் மருத்துவமனையில் கிடந்தான். தாயார் மருத்துவமனைச் சீட்டுகளோடு என் மேசை முன் வந்து நின்றார். அப்போதுதான் அந்தப் பத்திரத்தை முதன்முறையாக முழுமையாகப் படித்தேன். அது விபத்துக் காப்பீடு. கீழே விழுந்து கை ஒடிந்தால் பணம் உண்டு, காய்ச்சலுக்கு இல்லை! அந்த அம்மாள் தாலிச் சங்கிலியை ஏற்கெனவே அடகு வைத்திருந்தார்.

அன்பர்களே, இந்தக் கதை அத்துடன் முடியவில்லை. அந்த அம்மாள் ஒரு தனியார் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். மாதந்தோறும் அவர் சம்பளத்தில் இ.எஸ்.ஐ.க்கென்று பிடித்தம் செய்து வந்தார்கள். அதாவது, அந்தப் பிள்ளைக்கு இ.எஸ்.ஐ. மருத்துவமனையில் இலவசமாகவே வைத்தியம் பார்த்திருக்கலாம். அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் கேட்கத் தோன்றவில்லை. இல்லாத பாதுகாப்பை இருப்பதாக நம்பினோம். இருந்த பாதுகாப்பை அறியாமல் விட்டோம். இன்று நான் சொல்ல வந்ததெல்லாம் இவ்வளவுதான்.

எந்தக் காப்பீடானாலும் நான்கு கேள்விகள் கேளுங்கள்: யாருக்கு? எதற்கு? எவ்வளவு? எதுவரை?

முதலில் பள்ளி. மாணவர்களுக்காகப் பள்ளிகள் எடுக்கும் குழுக் காப்பீடு பெரும்பாலும் விபத்துக்கு மட்டுமே. சிலவற்றில், சம்பாதிக்கும் தந்தையோ தாயோ விபத்தில் இறந்தால் பிள்ளையின் படிப்புக்கு ஒரு தொகை கிடைக்கும். அது நல்லதுதான், ஆனால் நோய்க்கு அது மருந்தாகாது. ரசீதை வாங்கும்போதே பத்திரத்தின் நகலையும் கேளுங்கள்.

அடுத்துக் கல்லூரி. விடுதியில் சேரும் பிள்ளைக்குச் சில கல்லூரிகள் மருத்துவமனைச் செலவுக்கும் காப்பீடு வைத்திருக்கின்றன. அது மாணவனுக்கு மட்டும். படிப்பு முடியும் நாளில் அதுவும் முடிந்துவிடும். பட்டம் பெற்றுவிட்டு வேலை தேடி அலையும் காலத்தில்தான் நம் பிள்ளைகள் பலர் எந்தப் பாதுகாப்பும் இல்லாமல் இருக்கிறார்கள். வெளிநாட்டுப் படிப்புக்கு அனுப்புவோரும் கவனிக்க வேண்டும். ஜெர்மனியில் காப்பீடு இல்லாமல் பல்கலைக்கழகத்தில் பெயர் பதிய முடியாது. ஆஸ்திரேலியாவுக்கு மாணவர் விசா வேண்டுமென்றாலும் காப்பீடு கட்டாயம். கல்விக் கட்டணத்தோடு அந்தச் செலவையும் சேர்த்தே கணக்குப் போடுங்கள்.

இனி வேலை செய்யும் இடம். 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தினால் பிறந்தது இ.எஸ்.ஐ. திட்டம். 2017 சனவரி முதல் மாத ஊதிய வரம்பு 21,000 ரூபாய் என்று ஆயிற்று. 2019 சூலை முதல் தொழிலாளியின் பங்கு நூற்றுக்கு முக்கால் ரூபாய். முதலாளியின் பங்கு மூன்றேகால் ரூபாய். பதினாறாயிரம் சம்பளம் என்றால் உங்கள் பங்கு 120 ரூபாய். முதலாளி கட்டுவது 520 ரூபாய். இதில் மனைவி அல்லது கணவன், பிள்ளைகள், உங்களை நம்பி வாழும் பெற்றோர் அனைவருக்கும் மருத்துவ வசதி உண்டு. தனியார் காப்பீடுகள் பெரும்பாலும் மருத்துவமனையில் படுத்தால்தான் பணம் தரும், இ.எஸ்.ஐ.யிலோ சாதாரணக் காய்ச்சலுக்கும் மருந்து வாங்கலாம். ஆனால் குடும்பத்தாரின் பெயர்கள் பதிவாகியிருக்க வேண்டும். சம்பளச் சீட்டை இன்றே எடுத்துப் பாருங்கள். பிடித்தம் இருந்தால், பிள்ளைகளின் பெயர் ஏறியிருக்கிறதா என்று நாளையே கேளுங்கள்.

அரசின் திட்டமும் இருக்கிறது. தமிழ்நாட்டில் 2009-இல் தொடங்கிய அரசுக் காப்பீடு, 2012 முதல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாக நடைபெறுகிறது. 2018-இல் மத்திய அரசின் திட்டத்தோடு இணைந்தபின், குடும்பத்திற்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை கிடைக்கிறது. 2022-இல் வருமான வரம்பு ஆண்டுக்கு 1,20,000 ரூபாயாக உயர்ந்தது. கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்று பெற்று, குடும்ப அட்டை, ஆதார் ஆகியவற்றுடன் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலுள்ள பதிவு மையத்துக்குச் செல்ல வேண்டும். பட்டியலில் உள்ள சிகிச்சைகளுக்கு, பட்டியலில் உள்ள மருத்துவமனைகளில் மட்டுமே இது செல்லும் என்பதை மறவாதீர்கள். நோயாளியைக் கட்டிலில் கிடத்திவிட்டுச் சான்றிதழுக்கு ஓடும் அவலம் நமக்கு வேண்டாம்.

இவை எதிலும் சேராத நடுத்தரக் குடும்பங்கள் தாமே காப்பீடு எடுக்க வேண்டும். இங்கேதான் செலவைப் பற்றி விரிவாகப் பேச வேண்டியிருக்கிறது. குடும்பம் முழுவதற்கும் ஒரே பத்திரம் எடுத்தால், அதில் மூத்தவரின் வயதைப் பொறுத்தே பிரிமியம் அமையும். எனவே வயதான பெற்றோருக்குத் தனிப் பத்திரம், உங்களுக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு பத்திரம் என்று இரண்டுக்கும் விலை கேட்டு ஒப்பிடுங்கள். முன்பு பிரிமியத்தின்மேல் நூற்றுக்கு 18 ரூபாய் ஜி.எஸ்.டி. வரி இருந்தது, 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர், குடும்பப் பத்திரங்களுக்கு அவ்வரி நீக்கப்பட்டது. குழுக் காப்பீட்டுக்கு அச்சலுகை இல்லை.

மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கிவிடாதீர்கள். அறை வாடகைக்கு வரம்பு உண்டா என்று பாருங்கள். உதாரணமாக, நாளுக்கு 3,000 ரூபாய் வரம்புள்ளவர் 6,000 ரூபாய் அறையில் தங்கினால், வாடகையில் பாதியை மட்டும் இழக்கிறார் என்று எண்ண வேண்டாம். மருத்துவர் கட்டணம், அறுவைக் கூடக் கட்டணம் போன்றவற்றிலும் பாதி வெட்டுப்படலாம். அந்த வகையில் 80,000 ரூபாய் ஆகியிருந்தால், 40,000 ரூபாய் நம் தலையில் விழும். மருந்து விலைக்கு இந்த வெட்டு இல்லை என்பது ஓர் ஆறுதல். நல்ல அறை என்று நாம் கேட்டு வாங்கியதற்கு இதுதான் விலை!

காத்திருப்புக் காலம் என்று ஒன்றும் உண்டு. விபத்து நீங்கலாக, முதல் 30 நாளில் வரும் நோய்க்குப் பணம் கிடைக்காது. ஏற்கெனவே உள்ள சர்க்கரை, இரத்தக் கொதிப்பு போன்றவற்றுக்கு 48 மாதம் வரை இருந்த காத்திருப்பு, 2024 ஏப்ரல் முதல் 36 மாதத்திற்கு மேற்படக் கூடாது என்றாயிற்று. சிலர் முகவர் சொன்னார் என்று நோயை மறைத்து எழுதுகிறார்கள். அப்படி மறைத்தவர்கள், பிற்பாடு பணம் கேட்கும்போது வெறுங்கையுடன் திரும்ப நேரிடும். உள்ளதை உள்ளபடி எழுதிவிட்டு, பொறுமையாகக் காத்திருப்பதே மேல். புதுப்பிக்கும் தேதியையும் தவற விடாதீர்கள். கெடு தாண்டினால், காத்திருந்த காலமெல்லாம் வீணாகும்.

நியாயமின்றிப் பணம் மறுக்கப்பட்டால் சோர்ந்துவிட வேண்டாம். முதலில் கம்பெனிக்கு எழுத்து மூலம் புகார் செய்யுங்கள். 30 நாளில் தக்க பதில் வராவிடில், அல்லது மறுத்துவிட்டால், சென்னையிலுள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் ஓராண்டுக்குள் முறையிடலாம். கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம்.

பெரியோர்களே! நம் பங்கில் வைத்தியச் செலவுக்கென்று மடல் நீட்டி வரும் எவரையும் நாம் வெறுங்கையோடு அனுப்பியதில்லை. அந்த ஈகை என்றும் தொடரட்டும். ஆனால் உரிமையாகக் கிடைக்க வேண்டியதை அறியாமல் ஒரு தாய் நம் முன் கைநீட்டி நின்றால், அது அவள் குற்றம் மட்டுமன்று. எடுத்துச் சொல்லாத நம் குற்றமுமாகும்.

எனவே இளைஞர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிறன்று இம்மன்ற வாசலில் ஒரு மேசை போடுங்கள். வருகின்ற ஒவ்வொரு குடும்பத்திற்கும் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள்: யாருக்கு, எதற்கு, எவ்வளவு, எதுவரை. அந்தத் தாள் வீட்டில் குடும்ப அட்டையோடு இருக்கட்டும். மேசைக்குப் பின்னால் உட்கார நானும் வருகிறேன். ஒரு தாயிடம் அன்று கேட்கத் தவறிய கேள்வியை, இனி வருகிறவர்களிடமாவது கேட்க வேண்டுமல்லவா?