காட்டின் ஓரக் கணக்கு



இலக்கியம் பேச வல்லார் பலர் இங்கிருக்க, மெட்ரிகுலேஷனோடு படிப்பை நிறுத்தி, ரயில்வே அலுவலகத்தில் கணக்கெழுதும் நாம் காட்டைப் பற்றிப் பேச வந்தது சிலருக்கு வியப்பாயிருக்கலாம். காட்டிலும் ஒரு கணக்கு உண்டு. அதைச் சொல்லவே வந்தோம்.

மரம் காற்றிலுள்ள கரியமிலவாயுவை உட்கொண்டு, அதன் கரியைத் தன் உடலில் சேர்த்து வைக்கிறது. உலர்ந்த மரத்தின் எடையில் ஏறத்தாழப் பாதி கரியே. ஆகவே பெருமரமே பெருங்கருவூலம்.

1 கிலோமீட்டர் நீளமும் அதே அகலமும் உள்ள காட்டின் பரப்பு 100 ஹெக்டேர். சுற்றிலும் 100 மீட்டரை ஓரமென்று கழித்தால், 64 ஹெக்டேர் உட்காடு எஞ்சும். அதையே ஒரு ஹெக்டேர் வீதம் நூறு துண்டுகளாகப் பிரித்து வைத்தால், உட்காடு சிறிதும் இராது, அனைத்தும் ஓரமே. பதிவேட்டில் பரப்புக் குறையாது, காடோ போய்விடும்.

ஓரத்தால் என்ன கேடு என்பீர்கள். பிரேசில் நாட்டு மனௌஸ் நகருக்கு வடக்கே, தாமஸ் லவ்ஜாய் என்னும் அறிஞர் 1979இல் ஓர் ஆய்வு தொடங்கினார். மேய்ச்சலுக்காக அழிக்கப்பட்ட காட்டில் 1, 10, 100 ஹெக்டேர்த் துண்டுகள் விட்டுவைக்கப்பட்டன. வெயிலும் வறண்ட காற்றும் ஓரங்களில் புகுந்தன. ஓரத்திலிருந்து 300 மீட்டருக்குள் நின்ற பெருமரங்கள், உட்காட்டு மரங்களினும் ஏறத்தாழ மும்மடங்கு விரைவாக மடிந்தன. அவ்விடத்தில் கொடிகளும் மென்மரங்களும் கிளம்பின. அவை சேர்க்கும் கரி சிறிது.

எங்கும் இப்படியே என்று கூறுவதும் நேர்மையாகாது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநில ஓக் காடுகளில், ஒளி மிகுதியால் ஓர மரங்கள் விரைந்தே வளர்கின்றன. ஆயினும் கடும் வெப்பம் வந்தால் அவற்றின் வளர்ச்சியே முதலில் தளர்கிறது. உலகம் வெம்மையுறும் இக்காலத்தில் அந்த இலாபத்தை நம்பியிருத்தல் தகாது.

ரூர்கேலா செல்லும்போது சாரண்டாவின் சால மரக் காட்டை வண்டியிலிருந்து கண்டு மகிழ்கிறோம். முன்னாளில் தண்டவாளத்தைத் தாங்கிய கட்டைகளும் சால மரமே. அம்மரத்தின் உப்பைத் தின்றவர்கள் நாம்.

நம் காலனியின் பின்னேயும் ஒரு சிறு சால மரக் காடு இருக்கிறது. சந்தைக்கு விரைந்து செல்ல அதன் நடுவே வண்டிப்பாதை வேண்டுமென்று விண்ணப்பம் எழுதியிருக்கிறோம். அதில் நம் கையொப்பமும் உண்டு, மறைப்பதற்கில்லை. வெட்டுவது சில மரங்களே என்று அன்று எண்ணினோம். நடுவே பாதை விழுந்தால் இருபுறமும் புதிய ஓரம் பிறக்கும் என்பதை எண்ணினோமில்லை.

பாதை வேண்டாம் என்று கூறவில்லை. காட்டைச் சுற்றிப் போகட்டும் என்கிறோம். பத்து நிமிடம் கூடுதலாக நடப்போம். ஆண்டுதோறும் நம் குழந்தைகள் கன்று நடுகிறார்கள், நல்லதே. அக்கன்று பெருமரமாகும் நாளில் நாம் இரோம். நிற்கும் பெருமரத்தைக் காப்பது இன்றே நம்மால் ஆகும். விண்ணப்பத்தைத் திருத்தி எழுத, விழா முடிந்ததும் அனைவரும் கையொப்பமிட வேண்டுகிறோம்.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!