தீட்சைக்கு முந்தைய ஆண்டுகள்

(தசலட்சணப் பருவத்தில், உத்தம தியாக நாளன்று ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

உத்தம தியாகம் பற்றிப் பேசுமாறு அறக்கட்டளையினர் பணித்தார்கள். தியாகம் என்றவுடன் முற்றும் துறந்த முனிவர் பெருமக்களின் திருவுருவமே நம் நெஞ்சில் தோன்றும். அவர்களைப் பற்றி உரைக்கத் தக்க சான்றோர் இம்மேடையிலேயே அமர்ந்திருக்கின்றனர். எனவே யான் இன்று வேறொரு சாராரைப் பற்றிப் பேச விழைகின்றேன். துறவு பூண வேண்டும் என்னும் எண்ணம் அவர்கள் உள்ளத்தில் உறுதிப்பட்டுவிட்டது. பூணும் காலம் மட்டும் இன்னும் கைகூடவில்லை. பெற்றோரின் முதுமை, உடன்பிறந்தாளின் திருமணம், தீராத கடன் என ஏதோ ஒன்று அவர்களை இல்லத்தில் நிறுத்தி வைத்திருக்கிறது. இவர்களைப் பற்றி நாம் மிகுதியாகப் பேசுவதில்லை.

அண்மையில் நம் குலத்துப் பெண் ஒருத்தி என்னிடம் கேட்டாள். பட்டம் பெற்றவள், ஆர்யிகையாகித் தவநெறி செல்ல வேண்டும் என்பது அவள் விருப்பம். தந்தையார் நோயுற்றிருக்கிறார், அவளது ஊதியத்தால்தான் குடும்பம் நடக்கிறது. “தீட்சை பெறும்வரை என் வாழ்க்கை ஒரு பொருளற்ற இடைவேளையா, அம்மா?” என்றாள். முப்பதாண்டுக்கு மேல் வகுப்பறையில் நின்றவள் யான். வினாவைக் கேட்டவுடன் விடை சொல்லும் பழக்கம் உடையவள். அன்று உடனே ஒன்றும் சொல்லவில்லை. நூல்களைப் புரட்டிப் பார்த்த பிறகே அவளுக்கு மடல் எழுதினேன். அம்மடலில் எழுதியவற்றையே இங்கு விரித்துச் சொல்கின்றேன்.

முதலில் நினைவுக்கு வந்தவர் ஆசாரியர் சாந்திசாகர் மகராஜ். இருபதாம் நூற்றாண்டில் திகம்பர முனி மரபைப் புத்துயிர் பெறச் செய்தவர் என்று நாம் அனைவரும் போற்றும் அப்பெருமான் 1872ஆம் ஆண்டில் பிறந்தார். கருநாடகத்தின் பெல்காம் மாவட்டத்தில், வேதகங்கை, தூதகங்கை என்னும் இரு ஆறுகளும் கூடும் இடத்தருகே உள்ள போஜ் என்னும் சிற்றூரில் வளர்ந்தார். இல்லறப் பெயர் சாதகௌடர். தந்தையார் பீமகௌடர், தாயார் சத்தியவதி. அக்கால வழக்கப்படி ஒன்பது வயதில் மணம் முடித்து வைத்தனர். அச்சிறுமி சில மாதங்களிலேயே மறைந்தாள். மறுமணத்திற்கு அவர் இசையவில்லை. பதினெட்டாம் வயதளவில் துறவு வேட்கை அவருள் முற்றியது. தந்தையாரோ, தாம் உயிரோடிருக்கும் வரை இல்லத்திலேயே இருந்து அறம் செய்யுமாறு வேண்டினார். மகன் அதனை ஏற்றார்.

1912ஆம் ஆண்டிற்குள் பெற்றோர் இருவரும் மறைந்தனர். பின்னர் க்ஷுல்லக தீட்சை. 1920ஆம் ஆண்டையொட்டி யர்னால் என்னும் ஊரில் முனி தீட்சை. கணக்கிட்டுப் பாருங்கள். எண்ணம் தோன்றிய நாள்முதல் பெற்றோர் மறையும் வரை ஏறத்தாழ 22 ஆண்டுகள்; முனியாகும் வரை ஏறத்தாழ 30 ஆண்டுகள். 1955ஆம் ஆண்டு செப்டம்பர் 18ஆம் நாள் குந்தல்கிரியில் சல்லேகனை நோற்று அவர் உடல் நீத்தபோது, முனிவராக வாழ்ந்த காலம் ஏறக்குறைய 35 ஆண்டுகளே. காத்திருந்த காலமும் தவம் செய்த காலமும் கிட்டத்தட்டச் சமம்! அவருடைய வரலாற்றைப் பேசுவோர் பலரும் 1920ஆம் ஆண்டிலிருந்து தொடங்குகிறார்கள். அதற்கு முந்தைய முப்பதாண்டுகளே என்னை மிகவும் ஈர்க்கின்றன.

அந்த ஆண்டுகளில் அவர் என் செய்தார்? உழவு செய்தார். துணிக்கடையில் அமர்ந்தார். விளைநிலத்தில் தானியம் கொத்த வரும் பறவைகளை அவர் ஓட்டியதில்லை என்றும், அவை பருகுவதற்கு நீரும் வைத்தார் என்றும் அவர் வரலாற்றை எழுதியோர் கூறுவர். கடைக்கு வருவோரிடம், வேண்டிய துணியைத் தாங்களே அளந்து எடுத்துக்கொண்டு கணக்கேட்டிலும் தாங்களே எழுதிவைக்கச் சொல்வாராம். வணிகம் செய்யும் அன்பர்கள் சிலர் புன்னகைப்பது தெரிகிறது. இம்முறையைப் பின்பற்றுங்கள் என்று யான் சொல்லவில்லை! கடையில் அமர்ந்திருந்தபோதே கடையின் மீதுள்ள பற்று அவரை விட்டு நீங்கிக்கொண்டிருந்தது என்பதே இதில் காணத்தக்கது. ஊருக்கு வரும் முனிவர்களைத் தம் தோளில் சுமந்து ஆற்றைக் கடத்திவிடும் உடல்வலிமையும் அவருக்கு இருந்தது. தாம் முனிவராக இயலாத நாளில் முனிவரைச் சுமந்தார். 1905ஆம் ஆண்டில் தங்கையாருடன் சம்மேத சிகர யாத்திரை சென்றபோது, நெய்யும் எண்ணெயும் வாழ்நாள் முழுவதும் கொள்வதில்லை என்று விரதம் ஏற்றார். இல்லம் திரும்பியபின் நாளுக்கு ஒருவேளை உணவு. பெற்றோர்க்குச் செய்யும் பணியில் குறையொன்றும் வைக்கவில்லை. ஆனால் ஆண்டுதோறும் ஏதோ ஒன்று அவரிடமிருந்து உதிர்ந்துகொண்டேயிருந்தது. ஈற்றில் தீட்சை நாள் வந்தபோது, விடுவதற்கு மிச்சமிருந்தது சிறிதே.

இத்தகைய காத்திருப்பிற்கும் வெறும் ஒத்திப்போடலுக்கும் வெளித்தோற்றத்தில் வேறுபாடு காண இயலாது. இருவரும் இல்லத்தில்தான் இருக்கிறார்கள். இருவரும் “பிறகு” என்றே சொல்கிறார்கள். பேத்தி திருமணம் முடியட்டும், வீட்டுக்கு மேல்தளம் எழுப்பட்டும் என்று எழுபத்தைந்து வயதிலும் நாள் குறித்துக்கொண்டேயிருப்போரை நாம் அறிவோம். நம் முன்னோர் இவ்விரண்டையும் கண்டிருந்தனர் போலும். திருக்குறள் இல்லறத்தை முன்னும் துறவறத்தைப் பின்னும் வைத்தது; நாலடியாரோ தொடக்கத்திலேயே செல்வம் நிலையாமை, இளமை நிலையாமை, யாக்கை நிலையாமை என்று அடுத்தடுத்து எச்சரிக்கிறது. முன்னது இருந்து செய் என்கிறது. பின்னது இருந்துவிடாதே என்கிறது. காத்திருப்போர்க்கு இரண்டு நூலும் வேண்டும்.

இனிச் சீவக சிந்தாமணிக்கு வருவோம். தமிழ் படித்தவளை மேடையேற்றினால் இஃது உறுதி என்பதை அமைப்பாளர்கள் அறிந்தே அழைத்திருப்பார்கள். திருத்தக்கதேவர் துறவி, எனினும் இல்லற இன்பத்தையும் அரச வாழ்வையும் சுருக்காமல் பாடியவர். ‘மணநூல்’ என்றே அதற்கு ஒரு பெயர் உண்டு. பதின்மூன்று இலம்பகங்களில் இறுதியாக நிற்பது முத்தி இலம்பகம். சீவகனைப் பற்றி அனைவரும் பேசுவர். யான் அவன் தாய் விசயையைப் பற்றிப் பேச விரும்புகிறேன்.

கணவனை இழந்து, மயிற்பொறியில் தப்பிச் சுடுகாட்டில் மகனை ஈன்று, அவனையும் பிரிந்து, தண்டகாரணியத்துத் தவப்பள்ளியில் போய்த் தங்குகிறாள் விசயை. அங்கே அவள் கோலம் தவக்கோலம். ஆனால் உள்ளத்தில் மகன் இருக்கிறான், இழந்த நாடு இருக்கிறது. தேவர் அவளை அப்போது துறவியென ஆக்கிவிடவில்லை என்பதைக் கவனியுங்கள். மகன் பகை முடித்து முடிசூடியபின், மாளிகை வாழ்வு மீண்டும் கைக்கு எட்டிய அந்நாளில்தான் அவள் மெய்யான துறவை நாடுகிறாள். அதற்கு முன் தன் நன்றிக்கடன்களை ஒவ்வொன்றாகத் தீர்க்கிறாள். சுடுகாட்டில் தனக்கு உதவிய தெய்வத்திற்குக் கோயில் எடுக்கிறாள். குழந்தைகளுக்குப் பால் வழங்கும் அறத்திற்கு ஏற்பாடு செய்கிறாள். மகனை வளர்த்த சுநந்தையையும் உடன்கொண்டு துறவு பூணுகிறாள். பெற்ற தாயும் வளர்த்த தாயும் இணைந்து செல்லும் அவ்விடத்தை வகுப்பில் நடத்தும்போதெல்லாம் என் குரல் சிறிது தடுமாறியதுண்டு. காட்டில் இருந்தபோது துறவில்லை. வீடு கிடைத்தபோது துறவு வந்தது. இடமும் உடையும் துறவுக்கு அளவுகோலல்ல என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டிய காப்பியம் யான் படித்ததில்லை.

சுவேதாம்பர மரபில் ஒரு செய்தி உண்டு. பகவான் மகாவீரர், பெற்றோர் வாழும்வரை துறவு பூணுவதில்லை என்று உறுதிகொண்டிருந்தார் எனவும், அவர்கள் மறைந்தபின் தமையனார் நந்திவர்த்தனர் வேண்டிக்கொண்டதால் மேலும் இரண்டாண்டு இல்லத்தில் இருந்தார் எனவும் அவர்கள் கூறுவர். நம் திகம்பர மரபு இதனை ஏற்பதில்லை. முப்பதாம் வயதில் துறவு பூண்டார் என்பதில் மட்டும் இரு சாராரும் ஒன்றுபடுவர். வரலாறு எதுவாயினும் ஆகுக. அந்த இரண்டாண்டிலும் அவர் இல்லத்திலேயே தவநெறி ஒழுகினார் என்று அவர்கள் சொல்லும் பகுதி எண்ணத்தக்கது.

நம் ஆகமங்கள் காத்திருப்போரைத் திசையறியாமல் விட்டுவிடவில்லை. சமந்தபத்திரர் இரத்தினகரண்டக சிராவகாசாரத்திலும், அதனை அடியொற்றித் தமிழில் எழுந்த அருங்கலச்செப்பிலும் சிராவகர்க்குரிய பதினொரு நிலைகள் கூறப்பட்டுள்ளன. நற்காட்சியில் தொடங்கி, விரதம், சாமாயிகம், பருவ நாள் உண்ணாநோன்பு எனப் படிப்படியாக ஏறுவது அது. இரவுணவு விலக்கலைப் பெரும்பாலும் நம் இல்லங்களில் குழந்தைப் பருவத்திலேயே பழக்கிவிடுகிறோம். ஆகவே அதன் அருமை நமக்குத் தெரிவதில்லை. எட்டாம் நிலையில் தொழில் முயற்சியும், ஒன்பதாம் நிலையில் பொருட்பற்றும் நீங்குகின்றன. பத்தாம் நிலை வியப்பானது. வீட்டுக் காரியங்களுக்கு இசைவோ கருத்தோ கூறாமை! வீட்டிலேயே இருக்கலாம், ஆனால் மருமகள் எந்தப் பாத்திரம் வாங்கினாள், மகன் நிலத்தை எவருக்குக் குத்தகைக்கு விட்டான் என்பவற்றில் வாய் திறத்தலாகாது. நெய்யை விடுவது எளிது. கருத்துச் சொல்வதை விடுவது எவ்வளவு அரிது என்பதை ஓய்வுபெற்ற ஆசிரியர்களைக் கேட்டால் தெரியும். யான் இன்னும் அப்படியின் அருகே கூடச் செல்லவில்லை.

பதினோராம் நிலையில்தான் தமக்கெனச் சமைத்த உணவை ஏலாமை வருகிறது. க்ஷுல்லகர் நிற்கும் நிலை அது. ஆக, இல்லத்திற்கும் துறவுக்கும் நடுவே இருப்பது தாண்டவேண்டிய பள்ளமன்று; ஏறவேண்டிய படிக்கட்டு. அப்பெண்ணுக்கு யான் எழுதியதன் சாரம் இதுவே. நோயுற்ற தந்தைக்குக் கஞ்சி காய்ச்சும் நேரத்தில் சாமாயிகம் தவறுகிறதே என்று அவள் வருந்த வேண்டியதில்லை; அவர் உறங்கியபின் இரண்டு நாழிகை இருக்கிறது. அலுவலகத்தில் பொய்க்கணக்கு எழுதாதிருப்பது சத்திய விரதம். ஊதியத்தில் இவ்வளவுக்கு மேல் எனக்கென வைப்பதில்லை என்று வரையறுப்பது பரிமித பரிக்கிரகம். இவற்றுக்குத் தீட்சை நாள் வரவேண்டியதில்லை.

யான் வாழும் ஊரைப் பற்றியும் ஒரு சொல். பணியின் பொருட்டு வடக்கேயிருந்து வந்து, திருவில்லிபுத்தூர் மடவார் வளாகத்திலேயே தங்கிவிட்டவள் யான். அங்கே நம்மவர் இல்லங்கள் மிகச் சில. சுற்றியிருப்போர் சைவரும் வைணவரும். மார்கழியில் அண்டை வீட்டுப் பெண்கள் ஆண்டாளின் பாவை நோன்பைப் பற்றிப் பேசும்போது, நெய்யும் பாலும் விலக்கும் அந்நோன்பு எனக்கு அயலாகத் தோன்றுவதில்லை. ஆண்டாளும் காத்திருந்தவள்தான், அவள் தேடிய வீடு வேறு, நாம் தேடும் வீடு வேறு. ஆயினும் காத்திருப்பவர் நோன்பிருக்க வேண்டும் என்பதில் அவ்வூரும் நாமும் ஒன்றுபடுகிறோம்.

எங்களுக்கு அருகிருக்கும் திருத்தலம் கழுகுமலை. இராஜபாளையம், சங்கரன்கோவில் வழியே பேருந்தில் சென்று மலையேறினால், பாறைச் சரிவில் வரிவரியாகத் தீர்த்தங்கரர் திருமேனிகள். பார்சுவநாதர், பாகுபலி, அம்பிகை இயக்கி. கீழே வட்டெழுத்துக் கல்வெட்டுகள். பாண்டியர் காலத்து அந்தப் பள்ளியில் குரவரும் குரத்தியரும் பயிற்றினர், மாணாக்கர் பயின்றனர். இத்திருமேனியை இன்னார் செய்வித்தார் என்று பெயர்கள் வரிசையாக நிற்கின்றன. துறவியர் பெயரும் உண்டு. ஊர்ப்பெயரோடும் தொழிற்பெயரோடும் கூடிய இல்லறத்தார் பெயரும் உண்டு. அவர்களுள் எத்தனை பேர் பின்னர் துறவு பூண்டனர், எத்தனை பேர் காத்திருந்தே காலம் முடிந்தனர் என்பதைக் கல் சொல்லவில்லை. ஒரே பாறையில், ஒரே எழுத்தில், இரு சாராரையும் பொறித்திருக்கிறார்கள்.

இறுதியாக, காத்திருப்போரின் குடும்பத்தாருக்கு. நம் தமிழகத்துப் பொன்னூர் மலையோடு சேர்த்து நாம் வணங்கும் குந்தகுந்த ஆசாரியர், பிரவசனசாரத்தில், துறவு வேண்டுவோன் சுற்றத்தாரிடம் விடைபெற்று, பெரியோராலும் மனைவி மக்களாலும் விடுவிக்கப்பட்டுச் செல்ல வேண்டும் என்று விதிக்கிறார். ஆதலின் விடுவிப்பது குடும்பத்தின் கடமையாகவும் ஆகிறது. சாதகௌடரின் தந்தையார் மகனைத் தடுத்தாரேயன்றி, மகனின் வேட்கையை எள்ளினார் என்று எங்கும் இல்லை. பின்னாளில் அவர் தமையனாரும் முனிவரானார் என்றால் அவ்வில்லம் எத்தகையதாயிருந்திருக்கும்! நம் வீட்டில் அத்தகைய ஒருவர் இருந்தால், “உனக்கு எதற்கு இதெல்லாம்” என்று கேட்பதை விடுவோம். “எப்போது தீட்சை?” என்று விழாவில் சந்திக்கும்போதெல்லாம் துளைப்பதையும் விடுவோம், அதுவும் ஒரு கொடுமையே. கதிரவன் சாயுமுன் அவருக்கு உணவு ஆயத்தமாயிருக்கட்டும். சாமாயிக நேரத்தில் தொலைக்காட்சி ஒலி குறையட்டும். உடன்பிறந்தோர் இருந்தால், பெற்றோரின் மருத்துவச் செலவைப் பங்கிட்டுக் கொள்ளட்டும். அப்பெண்ணின் தந்தையார்க்கு வேறு இரு மக்களும் உண்டு என்பதை இங்கே குறிப்பிட்டு அமர்கின்றேன்.