தேடுவோர் கண்ணிற்படத் தலைப்பிடுக!

(தமிழாசிரியர்களும் இயக்கத் தோழர்களும் கூடிய பயிற்சிக் கூட்டமொன்றில் தமிழாசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்துவடிவம்)

   

எனக்குத் தரப்பெற்ற பொருள் 'இணையத்தில் தமிழ்' என்பது. அது கடல். அக்கடலில் ஒரு கையளவு நீரை மட்டும் அள்ளிக்கொள்கிறேன். யூடியூப் என்று பலரும் சொல்லும் வலையொளியில் நாம் ஏற்றுகின்ற காணொளிகளுக்குத் தலைப்பும் விளக்கவுரையும் குறிச்சொற்களும் எவ்வாறு அமைத்தல் வேண்டும் என்பதே இன்றைய பேச்சு. 'இது கடைக்காரன் பலகை எழுதும் வேலையன்றோ? தமிழாசிரியனுக்கு இதில் என்ன வேலை?' என்று முகஞ்சுளிப்போர் சிலர் இங்கே இருக்கலாம். பொறுத்துக் கேளுங்கள்.

வலையொளி 2005ஆம் ஆண்டில், அஃதாவது திருவள்ளுவர் ஆண்டு 2036இல் தோன்றியது. அவ்வாண்டு ஏப்பிரல் 23ஆம் நாள் அதில் ஏறிய முதற் காணொளி, விலங்குக்காட்சிச் சாலையில் யானைகளின் முன் நின்று ஓர் இளைஞர் சில நொடிகள் பேசியது, அவ்வளவே. அடுத்த ஆண்டே கூகுள் நிறுவனம் அதனை 165 கோடி அமெரிக்கத் தாலர் விலைக்கு வாங்கிற்று. இன்று பள்ளிப்பிள்ளை தன் இலக்கண ஐயத்தை ஆசிரியரிடம் கேட்குமுன் கைப்பேசியிடம் கேட்கிறான். அவன் கேட்ட இடத்தில் நம் விடை இல்லையென்றால், ழகரத்தை ளகரமாகப் பலுக்குகின்ற ஒருவருடைய விடை அங்கே இருக்கும். அவன் அதையே உண்மையென்று கொள்வான். நல்ல உரைகள் நம்மிடம் இல்லாமல் இல்லை. நாற்பதாண்டு கற்பித்த புலவர்களின் உரைகள் வலையொளியில் கிடக்கின்றன. ஆனால், அவை பெயர் எழுதாத பேழைக்குள் பூட்டிய ஏடுகளாகக் கிடக்கின்றன.

கரணியம் யாது? நம் தலைப்புகளைப் பாருங்கள். 'செந்தமிழ்ச் செம்மல், முத்தமிழ் முழக்கம், தமிழ்மறவர் ஐயா அவர்களின் எழுச்சிமிகு சொற்பொழிவு – பகுதி 3'. நான் புனைந்து சொல்கிறேன். ஆயினும் இதுபோல் நூறு தலைப்பை நீங்கள் கண்டிருப்பீர்கள். ஐயா எதைப்பற்றிப் பேசினார்? மயங்கொலியைப் பற்றியா? மாங்கனியைப் பற்றியா? தலைப்பில் அது இல்லை. பகுதி மூன்று என்றால் எதன் பகுதி? அதுவும் இல்லை. கைப்பேசித் திரையில் தலைப்பின் முதற்சில சொற்களே தெரியும்; எஞ்சியவை வெட்டுண்டு போகும். அங்ஙனம் வெட்டுண்டபின் எஞ்சுவது பட்டங்கள் மட்டுமே. புலவரை மதிப்பது நம் கடன், மறுக்கவில்லை. ஆனால், 'ல ழ ள வேறுபாடு – எளிய பயிற்சி' என்று முன்னே எழுதி, ஐயாவின் பெயரைப் பின்னே எழுதினால் ஐயாவின் மதிப்பு குறைந்துவிடாது. அவர் உரையைக் கேட்போர் தொகை கூடும். பட்டங்கள் அத்தனையையும் விளக்கவுரையில் வைக்கலாம். அங்கே இடம் நிறைய உண்டு.

தலைப்புக்கு இடம் மிகக் குறைவு. வலையொளி தலைப்புக்கு 100 எழுத்து என்று எல்லை வைத்துள்ளது. நூறு போதுமே என்பீர்கள். அந்த நூறு நம் கணக்கில் நூறன்று. 'தமிழ்' என்பது நமக்கு மூன்றெழுத்து. ஒருங்குறியில் அது ஐந்து: தகரம், மகரம், இகரக் கொக்கி, ழகரம், மேற்புள்ளி. 'தொல்காப்பியம்' நமக்கு ஏழு, கணினிக்குப் பதின்மூன்று. எனவே தமிழில் எழுதுவோர்க்கு அந்த நூறு ஏறத்தாழ ஐம்பத்தைந்து, அறுபது எழுத்தாகச் சுருங்கிவிடுகிறது. மெய்யை அகரமேறிய உயிர்மெய்யோடு புள்ளி சேர்த்துக் காட்டும் இம்முறை 1991ஆம் ஆண்டு ஒருங்குறியின் முதற்பதிப்பிலேயே வந்துவிட்டது. நம் எழுத்து ஒவ்வொன்றுக்கும் தனியிடம் தரும் 'தமிழ் அனைத்தெழுத்துக் குறிமுறை'யைத் தமிழ்நாட்டரசு 2010இல் ஒருங்குறியோடு ஒரு மாற்று முறையாக ஏற்றறிவித்தது. ஆனால், உலகத் தளங்கள் ஒருங்குறியிலேயே இயங்குகின்றன. இஃது ஒரு குறையே. அதைப்பற்றித் தனியே பேசவேண்டும். இப்போதைக்கு, கைக்குக் கிடைத்த முழத்துணியில் சட்டை தைக்கக் கற்போம்.

தலைப்பிடும் கலை நமக்குப் புதிதன்று. கழக நூல்களுள் பதிற்றுப்பத்தைப் பிரித்துப் பாருங்கள். பாட்டுத்தோறும் துறை, வண்ணம், தூக்கு, பெயர் என நான்கு குறிப்புகள் அடியிலே நிற்கும். அப்பெயர், பாட்டின் உள்ளிருந்து எடுத்த ஓர் அருந்தொடர். கேட்டவன் நெஞ்சில் எத்தொடர் தைக்குமோ அதுவே பெயராயிற்று. எவரோ ஒருவர், பின்வருவோர் இப்பாட்டைத் தேடி எடுக்க வேண்டுமே என்று எண்ணிச் செய்த வேலை அது. நாம் செய்யவேண்டியதும் அதுவே.

ஆனால், எத்தொடரைத் தேர்வது? இங்கேதான் நம்மவர் வழுக்கி விழுகின்றனர். நமக்கு எது அழகாய்த் தோன்றுகிறதோ அதை எழுதுகிறோம். தேடுவோன் எதைத் தட்டுவானோ அதை எழுதுவதில்லை. வகுப்பில் ஒருமுறை பிள்ளைகளிடம் ஆளுக்கொரு தாள்துண்டு கொடுத்து, 'ஆகுபெயரைப் பற்றி அறியவேண்டுமானால் கைப்பேசியில் என்ன தட்டுவீர்கள்?' என்று கேட்டேன். 'ஆகுபெயர் என்றால் என்ன', 'ஆகுபெயர் வகைகள்', 'ஆகுபெயர் எடுத்துக்காட்டு' – இவையே திரும்பத் திரும்ப வந்தன. 'ஆகுபெயர் – ஓர் ஆழ்ந்த நோக்கு' என்று ஒருவனும் எழுதவில்லை. வலையொளியின் தேடற்பெட்டியில் 'ஆகுபெயர்' என்று தட்டி நிறுத்திப் பாருங்கள். பிறர் தேடிய தொடர்கள் கீழே தாமே வந்து நிற்கும். காசு கொடுக்காமல் கிடைக்கும் பாடம் அது.

ஒரு சொல்லுக்கு இருபொருள் இருப்பின் அடைமொழி கொடுங்கள். 'புணர்ச்சி' என்று மட்டும் தலைப்பிட்டுவிட்டு, வந்தவர்கள் பத்து நொடியில் ஓடிவிடுகிறார்களே என்று வருந்திப் பயனில்லை. அவர்கள் தேடிவந்தது வேறு. 'புணர்ச்சி விதிகள் – தமிழ் இலக்கணம்' என்று எழுதினால் உரியவனே வருவான். சிரிக்கிறீர்கள்; ஆனால், அந்த ஓட்டமும் கணக்கில் ஏறுகிறது. வலையொளி எதை முன்னிறுத்துவது என்று முடிவு செய்யும்போது, தலைப்பும் விளக்கவுரையும் குறிச்சொல்லும் தேடலோடு பொருந்துகின்றனவா என்று பார்ப்பதோடு, வந்தவர் நின்று பார்த்தாரா என்றும் பார்க்கிறது. எத்தனை பேர் சொடுக்கினர் என்பதைவிட எவ்வளவு நேரம் பார்த்தனர் என்பதற்கு மதிப்பளிக்கும் முறைக்கு அது 2012இலேயே மாறிவிட்டது.

இனி விளக்கவுரை. இதற்கு 5000 எழுத்து வரை இடமுண்டு. நம்மவர் பெரும்பாலும் இதை வெற்றிடமாக விட்டுவிடுகின்றனர். அல்லது வங்கிக் கணக்கெண்ணை மட்டும் எழுதுகின்றனர். தமிழாசிரியர்களுக்கு இதை நான் ஒரே சொல்லில் விளக்கிவிடலாம்: பாயிரம். ஆக்கியவர் யார், நூலின் பெயர் யாது, நுவலும் பொருள் யாது, கேட்டற்குரியவர் யாவர், கேட்டால் விளையும் பயன் யாது என்றெல்லாம் பாயிரத்திற்கு நன்னூல் இலக்கணம் சொல்வதை நாம் ஆண்டுதோறும் கற்பிக்கிறோம். அதையே இங்கே செய்க. முதலிரண்டு வரிகளே பார்ப்பவன் கண்ணில் படும்; எஞ்சியவை 'மேலும்' என்பதைச் சொடுக்கினால்தான் விரியும். ஆகவே பொருளும் பயனும் முதலிரண்டு வரியிலேயே வந்துவிட வேண்டும். வாழ்த்தும் நன்றியும் அடியிலே இருக்கட்டும்.

நீண்ட உரையாயின் நேரக்குறிப்புத் தருக. 0:00 என்று தொடங்கி, வரிசையாகக் குறைந்தது மூன்று குறிப்புகள், ஒவ்வொரு பகுதியும் 10 நொடிக்குக் குறையாமல் எழுதினால், வலையொளி அக்காணொளியை இயல் இயலாகப் பகுத்துக் காட்டும். ஒன்றரை மணிநேர உரையில் வினைத்தொகை எங்கே வருகிறது என்று தேடும் பிள்ளைக்கு அது பெரிய உதவி.

அடுத்து, நம்மையெல்லாம் உறங்கவிடாத ஒரு வினா. தூய தமிழில் எழுதினால் தேடுவோன் கண்ணில் படாது; அவன் தட்டும் கலப்புச் சொல்லில் எழுதினால் நம் கொள்கை என்னாவது? காணொளியா, காணொலியா என்று நமக்குள் இன்னும் வழக்கு முடியவில்லை. அவனோ 'வீடியோ' என்று தட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருக்கிறான்.

என் முடிவு இது. தலைப்பு நம் முகம்; அது தமிழாகவே இருக்கவேண்டும். பிறமொழிப் பெயர்ச்சொல்லைச் சொல்லியே தீரவேண்டிய இடத்தில் தமிழெழுத்தால் எழுதுவோம். வடசொல் வந்தால் அதன் எழுத்தை விலக்கித் தமிழெழுத்தால் எழுதுக என்று தொல்காப்பியம் எச்சவியலில் காட்டிய நெறியே இதற்கும் நெறி. 'எக்செல்' ஒரு நிறுவனம் தன் கருவிக்கு இட்ட பெயர். 'விரிதாள்' நம் சொல். 'எக்செல் விரிதாளில் மதிப்பெண் கூட்டல்' என்றெழுதினால், எக்செல்லைத் தேடி வந்தவன் விரிதாள் என்னும் சொல்லையும் கற்றுக்கொண்டு போகிறான். இதை விட்டுக்கொடுத்தல் என்று சொல்வோர் உளர். நான் அவ்வாறு கருதவில்லை. தமிழ்ச்சொல்லை அறியாதவனிடம் அச்சொல்லைக் கொண்டுசேர்க்க வேறு எவ்வழி இருக்கிறது?

வழுவான எழுத்துகளுக்குத் தலைப்பில் இடமில்லை. 'தமிழ்க் கலைகள்' என்பதில் ஒற்றை நீக்க நான் உடன்படேன். ஆனால், குறிச்சொல் என்று தனியே ஒரு பெட்டி உண்டு. அதற்கு 500 எழுத்து எல்லை. அங்கே எழுதுவது பார்ப்போர் திரையில் தோன்றாது. வலையொளி நிறுவனமே, இக்குறிச்சொற்கள் தேடலில் சிறுபங்கே வகிக்கின்றன என்றும், மக்கள் பிழையாக எழுதும் சொற்களுக்கே இவை பெரிதும் உதவும் என்றும் சொல்கிறது. அப்படியானால் ஒற்றில்லாத வடிவம், ளகர ழகரம் மாறிய வடிவம், திருக்குறளை உரோமன் எழுத்தில் ஐந்தாறு வகையாக எழுதுகிறார்களே அவ்வடிவங்கள் எல்லாம் அங்கே இருக்கட்டும். ஔவையாரைப் பாருங்கள். ஔகாரம் ஒரே எழுத்து. பலரோ ஒகரத்தையும் ளகரத்தையும் அடுத்தடுத்துத் தட்டி 'ஒளவையார்' என்றாக்கிவிடுகின்றனர். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோல் தோன்றும். கணினிக்கு அவை வெவ்வேறு சொற்கள். தலைப்பில் ஔகாரம் திருத்தமாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பிழைவடிவத்தைக் குறிச்சொல்லில் வையுங்கள். வழிதவறி வந்தவனும் நம் வீட்டுப் பிள்ளைதான்.

இவற்றை விளக்கவுரையில் கொண்டுபோய்க் கொட்டிவிடாதீர்கள். விளக்கவுரையில் குறிச்சொற்களை மூட்டையாகக் கட்டிவைப்பது வலையொளியின் விதிக்கு மாறானது. '#' குறியிட்ட சொற்களும் அவ்வாறே. அறுபதைக் கடந்தால் எல்லாவற்றையும் புறக்கணித்துவிடும். மூன்று போதும்.

அயல்நாட்டில் வளரும் நம் பிள்ளைகள் பலர் தமிழைக் கேட்டால் புரிந்துகொள்வர், எழுத்தறியார். அவர்களுக்காகத் தலைப்பையே ஆங்கிலத்தில் எழுத வேண்டா. மூலத்தலைப்பைத் தமிழில் வைத்துக்கொண்டே, வேற்றுமொழியில் தலைப்பும் விளக்கமும் சேர்க்க வலையொளியில் வழியுண்டு. கருவியை ஆங்கிலத்தில் அமைத்துக்கொண்ட கனடாப் பிள்ளைக்கு ஆங்கிலத் தலைப்புத் தோன்றும். மதுரைப் பிள்ளைக்குத் தமிழ்த் தலைப்புத் தோன்றும். காணொளியின் மொழி 'தமிழ்' என்று குறிக்கவும் மறவாதீர்கள். ஏற்றும்போது அந்தக் கட்டத்தைப் பலர் தொடுவதே இல்லை.

'அதிர்ச்சி!', 'நடுங்கிய பகைவர்!' என்று தலைப்பிடும் பழக்கம் நம் பக்கத்திலும் வந்துவிட்டது. உள்ளே நடுங்கியவர் எவருமில்லை. காணொளியில் இல்லாததைத் தலைப்பிலும் முகப்புப் படத்திலும் காட்டி ஏமாற்றுவோர்மீது இந்தியாவில் கடுமையாக நடவடிக்கை எடுக்கப்போவதாக 2024 திசம்பரில் வலையொளி அறிவித்தது. அவர்கள் அறிவித்திராவிட்டாலும் நாம் செய்யத்தக்கதன்று அது. மெய்யை மெய்யாகச் சொல்லியும் கூட்டம் சேர்க்கலாம். சற்று மெல்லச் சேரும்.

எண்களைக் கண்டு சோர வேண்டா. நம் காணொளியின் முகப்பு நூறுபேர் கண்ணில் பட்டால் எத்தனைபேர் சொடுக்கினர் என்று வலையொளியே கணக்குத் தருகிறது. உலகின் அலைவரிசைகளிலும் காணொளிகளிலும் பாதிக்கு அது 2 முதல் 10 விழுக்காட்டுக்குள் என்று அந்நிறுவனமே சொல்லியிருக்கிறது. எனவே நூற்றுக்கு நால்வர் வந்தால் அது தோல்வியன்று. அதே கணக்கில், எச்சொல்லைத் தேடி வந்தனர் என்ற பட்டியலும் இருக்கும். திங்களுக்கு ஒருமுறை அதைப் பாருங்கள். நாம் எண்ணியிராத சொல்லில் பிள்ளைகள் வந்திருப்பார்கள். அச்சொல் தலைப்பில் இல்லையென்றால் சேருங்கள். ஏற்றிய காணொளியின் தலைப்பை எப்போதும் மாற்றலாம். காணொளியை மீண்டும் ஏற்ற வேண்டியதில்லை.

என் நேரம் முடிந்தது என்று தலைவர் மணியடிக்கிறார். உணவு இடைவேளைக்குப் பின், காணொளி ஏற்றியுள்ள தோழர்கள் தத்தம் தலைப்புகளைத் தாளில் எழுதி முன்வரிசைக்குக் கொண்டுவாருங்கள். ஒவ்வொன்றாக எடுத்து, பட்டங்களைப் பின்னே தள்ளிப் பொருளை முன்னே கொண்டுவந்து, இங்கேயே திருத்தி எழுதுவோம்.