இரக்கம் என்னும் சொல்



அறிவியல் புனைகதை என்றவுடன் விண்கலங்களும் விந்தைக் கருவிகளும் நினைவுக்கு வருதல் இயல்பு. ஆயின், அவ்வகைப் படைப்புகளுள் தலையாயவை கருவிகளை முன்னிறுத்தி மனிதனைப் பற்றியே பேசுகின்றன. பி.பி.சி. நிறுவனம் 1963 நவம்பர் 23ஆம் நாள் தொடங்கிய 'டாக்டர் ஹூ' என்னும் நெடுந்தொடரில் அத்தகைய கதையொன்று உண்டு. 1975 மார்ச் 8 முதல் ஏப்ரல் 12 வரை ஆறு பகுதிகளாக ஒளிபரப்பான 'ஜெனிசிஸ் ஆஃப் த டாலெக்ஸ்' என்பதே அது. டாலெக்குகளின் தோற்றம் என்பது அத்தலைப்பின் பொருள். எழுதியவர் டெர்ரி நேஷன். இயக்கியவர் டேவிட் மலோனி. டாக்டராக நடித்தவர் டாம் பேக்கர்.

டாலெக்குகள் உலோகக் கூட்டுக்குள் வாழும் உயிர்கள். தம்மினம் அல்லாத அனைத்தையும் அழிப்பதே அவற்றின் அறம். 1963 டிசம்பரில் அவற்றை முதன்முதலாகத் திரைக்குக் கொணர்ந்த டெர்ரி நேஷன், 1930இல் பிறந்து, இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் சிறுவராக இருந்தவர். நாஜிகளின் சாயல் டாலெக்குகளிடம் படிந்திருப்பது தற்செயலன்று.

கதைக்களம் ஸ்காரோ என்னும் கோள். அங்கே கேலட், தால் என்னும் ஈரினங்கள் ஆயிரம் ஆண்டுகளாகப் போரிடுகின்றன. வளங்கள் வற்றிவிட்டமையால், வீரர்கள் புதிய கருவிகளோடு பழங்கருவிகளையும் ஏந்தி நிற்கின்றனர். நச்சுப் பொருள்களால் தம் மக்களின் உடல் திரிந்துவருவதைக் கண்ட கேலட் அறிவியலறிஞன் டாவ்ரோஸ், அத்திரிபின் இறுதி வடிவத்திற்கென ஓர் ஊர்தியைச் சமைக்கிறான். அதனோடு நின்றானில்லை. அவ்வுயிர்களிடமிருந்து மனச்சான்றையும் இரக்கத்தையும் குறைகளெனக் கருதி நீக்கிவிடுகிறான். உடன் பணிபுரிவோர் சிலர் மறுக்கின்றனர். தன் ஆய்வுக்குத் தடை வருமென அறிந்ததும், பகைவர்க்கே வழிகாட்டித் தன் சொந்த நகரை அழிக்கவும் அவன் தயங்கவில்லை.

டாலெக்குகள் தோன்றாமல் தடுக்கவோ, அவற்றின் இயல்பை மாற்றவோ, அவற்றின் பலவீனத்தை அறியவோ டாக்டர் அங்கு அனுப்பப்படுகிறார். இளம் டாலெக்குகள் வளரும் அறையில் வெடிபொருளை வைத்துவிட்டார். இரு கம்பிகள் அவர் கையில் உள்ளன. அவற்றை இணைத்தால் போதும். அவரோ திகைத்து நிற்கிறார். பின்னாளில் கொடுங்கோலனாவான் என்று அறிந்தும் ஒரு குழந்தையைக் கொல்ல இயலுமா எனத் தோழி சாராவிடம் வினவுகிறார். டாலெக்குகளுக்கு அஞ்சியே பகை மறந்து நட்புக்கொள்ளும் உலகங்களையும் எண்ணிப் பார்க்கிறார். ஓரினத்தையே வேரறுத்தால் தாமும் டாலெக்குகளைப் போன்றவரே ஆகிவிடலாகாதே என்பது அவர் அச்சம்.

இக்காட்சியைப் பாராட்டுவோர் பலர். எனினும் ஒரு குறையும் கூறுதற்கு இடமுண்டு. நிலைமை முற்றியபின் டாக்டர் மீண்டும் அவ்வறைக்கு விரைகிறார். ஆனால் ஒரு டாலெக்கே கம்பிகளின்மேல் ஊர்ந்து வெடிப்பை நிகழ்த்திவிடுகிறது. அறச்சிக்கலை எழுப்பிய ஆசிரியர், அதன் சுமையைத் தலைவன் தோளிலிருந்து இறக்கிவிட்டார் எனலாம். அவ்வழிவும் முழுமையானதன்று, டாலெக்குகளின் எழுச்சி ஓராயிரம் ஆண்டு தள்ளிப்போகிறது, அவ்வளவே.

அக்குறையை ஈடுசெய்வது இறுதிக் காட்சி. டாலெக்குகள் தம்மைப் படைத்தவனுக்கே அடங்க மறுக்கின்றன. அவனுடைய ஆட்களைச் சுட்டு வீழ்த்துகின்றன. அவர்களுக்கு இரக்கம் காட்டுமாறு டாவ்ரோஸ் மன்றாடுகிறான். அச்சொல் தன் சொற்களஞ்சியத்தில் இல்லை என்று ஒரு டாலெக் விடையிறுக்கிறது. அவ்விடையில் சினமில்லை, ஏளனமுமில்லை. பொருள் விளங்காத சொல்லைக் கேட்ட வியப்பு மட்டுமே உண்டு. அச்சொல்லை நீக்கியவன் அவனே. அதன் தேவை நேர்ந்தபோது அதைப் புரிந்துகொள்ள எதிரே எவருமில்லை.

இரு காட்சிகளையும் இணைத்து நோக்குதல் வேண்டும். இரக்கம் என்னும் சொல்லை அறிந்தவர் கம்பிகளை ஏந்தித் தயங்குகிறார். அறியாதவை தயக்கமின்றிச் சுடுகின்றன. அத்தயக்கத்தால் இழப்பு நேரலாம். எனினும், தயங்கத் தெரிந்தவரிடம் மட்டுமே மன்றாட இயலும்.

போர்க்காலத்தில் முதலில் தேய்வன இத்தகைய சொற்களே. அவற்றைப் பொருள் குன்றாமல் காத்து, அடுத்த தலைமுறையின் நாவில் வைத்துச் செல்லுதல் கவிஞரின் கடன். இப்பத்தாண்டு நிறைவில் இவ்வவை அக்கடனை மீண்டும் நினைவிற்கொள்ளுமாக!