அவசர மருத்துவக் கல்வி: ஆறு மாதம் கழித்து எஞ்சுவது

அவசர சிகிச்சைப் பிரிவுக்கு நோயாளிகள் பாடத்திட்டத்தின் வரிசையில் வருவதில்லை. நெஞ்சுவலிக்காரரை அடுத்துப் பாம்புக்கடி வரும். அது முடியுமுன் வலிப்பு கண்ட குழந்தை வரும். புத்தகத்தைப் புரட்ட அங்கே அவகாசம் கிடையாது. படித்தது அந்த நிமிடத்தில் நினைவுக்கு வந்தாக வேண்டும். ஆகவே இத்துறையில் ஒரு வகுப்பு எவ்வளவு நன்றாக நடந்தது என்பதை, ஆறு மாதம் கழித்து மாணவரிடம் எவ்வளவு எஞ்சியிருக்கிறது என்று பார்த்தே சொல்ல முடியும்.

இந்த எச்சத்தைப் பற்றிய ஆய்வுகளில் முதலில் சொல்லத் தக்கது 2006இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகர வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஹென்றி ரோடிகரும் ஜெஃப்ரி கார்பிக்கியும் செய்தது. ஒரு பகுதியைத் திரும்பத் திரும்ப வாசித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து வைத்த சோதனையில் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்தோ, வாசித்ததை மூடிவைத்து நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களே முந்தினார்கள். தமக்குத்தான் நன்றாக நினைவிருக்கும் என்று கூடுதலாக நம்பியவர்கள் திரும்ப வாசித்தவர்கள் என்பதுதான் இதில் கசப்பான செய்தி. படித்த திருப்தி வேறு, படிப்பு வேறு.

அதே பல்கலைக்கழகத்தில் டக்ளஸ் லார்சன் குழுவினர் இதைக் குழந்தை மருத்துவம், அவசர மருத்துவம் பயிலும் மருத்துவர்களிடமே சோதித்து 2009இல் வெளியிட்டனர். நிற்காத வலிப்பு, மயஸ்தீனியா கிரேவிஸ் என்னும் தசைத் தளர்ச்சி நோய் ஆகிய இரண்டும் பாடங்கள். ஒவ்வொருவரும் ஒரு பாடத்தில் ஏறத்தாழ இரு வார இடைவெளியில் மும்முறை தேர்வு எழுதி விடையைச் சரிபார்த்தனர். மற்றப் பாடத்தின் குறிப்பை அதே இடைவெளியில் படித்தனர். ஆறு மாதத்துக்கும் மேல் கழிந்து வைத்த இறுதித் தேர்வில், தேர்வு எழுதிய பாடத்தில் 39 விழுக்காடும் குறிப்புப் படித்த பாடத்தில் 26 விழுக்காடும் பெற்றனர். முப்பத்தொன்பதும் பெருமைப்படத் தக்க மதிப்பெண் அல்ல. ஆனால் இந்த வேறுபாட்டுக்குக் கருவியோ கட்டடமோ தேவைப்படவில்லை.

கைத்திறனையும் இடைவெளி விட்டுத் திரும்பத் திரும்பப் பயில வேண்டும். மார்பை அழுத்தி உயிர்ப்பிக்கும் சிபிஆர் திறன் பயிற்சி முடிந்த சில மாதங்களிலேயே மங்கத் தொடங்குகிறது. அதற்குத் தரப்படும் சான்றிதழோ வழக்கமாக இரண்டு ஆண்டுகளுக்குச் செல்லும். அமெரிக்க இதயச் சங்கத்தின் 2018ஆம் ஆண்டு அறிக்கை, நீண்ட ஒருநாள் பயிற்சியைவிட அடிக்கடி செய்யும் குறும்பயிற்சியின் பக்கம் சாய்வது இதனால்தான்.

கலந்து படிப்பதும் பலன் தருகிறது. கனடாவில் ரோஸ் ஹடாலா, லீ புரூக்ஸ், ஜெஃப்ரி நார்மன் மூவரும் 2003இல் வெளியிட்ட ஆய்வில், பலவகை இசிஜி தாள்களைக் கலந்து பயின்றவர்கள் புதிய தாள்களில் 46 விழுக்காடு சரியாகக் கண்டறிந்தனர். வகைவகையாகப் பிரித்துப் பயின்றவர்கள் 30 விழுக்காடு. காலையெல்லாம் மாரடைப்புத் தாள்களையே பார்க்கும் மாணவருக்கு அடுத்த தாளும் மாரடைப்பு என்பது பார்க்காமலே தெரியும். நோயாளியிடம் அந்த உதவி கிடைக்காது.

பயிற்சிப் பொம்மைகள் விலை உயர்ந்தவை என்பதாலேயே அவை கற்பித்துவிடுவதில்லை. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் எலிசபெத் ஹண்ட் 2014இல் விவரித்த முறையில், தவறு நேர்ந்த கணமே பயிற்சியை நிறுத்தி, திருத்தி, அதே கட்டத்திலிருந்து மறுபடி செய்ய வைப்பார்கள். கடைசியில் கூடிப் பேசும் வரை தவறு காத்திருப்பதில்லை. சிகாகோவின் நார்த்வெஸ்டர்னில் ஜெஃப்ரி பார்சக் குழுவினர், குறித்த தரத்தை எட்டும் வரை பொம்மையில் சென்ட்ரல் லைன் (பெருஞ்சிரைக் குழாய்) போடப் பயிற்றிய பின்னரே மருத்துவர்களைத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு அனுப்பினர். அங்கே இரத்தத் தொற்று, குழாய் இருந்த ஆயிரம் நாள்களுக்கு 3.20 என்பதிலிருந்து 0.50ஆகக் குறைந்தது. குலுக்கல் முறையில் குழு பிரித்த ஆய்வு இதுவல்ல. எனினும் கற்பித்தலின் பலன் நோயாளியிடமே அளக்கப்பட்ட அரிய சான்று.

பார்த்துக் கற்பவர், கேட்டுக் கற்பவர் என மாணவர்களைப் பிரிக்கும் வழக்கத்துக்கு, 2008இல் ஹெரால்ட் பாஷ்லர் குழுவினர் ஆராய்ந்தபோது தக்க ஆதாரம் கிடைக்கவில்லை. அதைக் கைவிட்டால் இழப்பில்லை.

நெரிசலான டியூட்டியில் கற்பிக்க 1992இல் ஜான் நெகர் முதலானோர் வகுத்த முறை போதும்: என்ன நோய் என்று மாணவரை முதலில் சொல்ல வைப்பது, காரணம் கேட்பது, ஒரு பொதுவிதி சொல்லித் தருவது, சரியாகச் செய்ததைப் பாராட்டுவது, பிழையைத் திருத்துவது. மூத்தவர் விடையை முந்திச் சொல்லிவிட்டால் முறை அங்கேயே முறிந்துவிடுகிறது.

இந்தியாவில் அவசர மருத்துவம் தனித்துறையாக ஏற்கப்பட்டது 2009இல்தான். பழைய துறைகளின் வகுப்பு வழக்கங்களை அப்படியே சுமக்க வேண்டிய கட்டாயம் அதற்கு இல்லை. ஆண்டுக்கொரு பட்டறைக்கு ஒதுக்கும் எட்டு மணி நேரத்தைப் பன்னிரண்டாகப் பிரித்தால் மாதத்துக்கு நாற்பது நிமிடம் வரும். துறைத்தலைவர்கள் அடுத்த ஆண்டின் அட்டவணையை அந்தக் கணக்கில் எழுதிப் பார்க்கலாம்.