அம்மாவின் நெஞ்செலும்பு கூடும் வரை



சீமோன் பேதுருவின் மாமியார் காய்ச்சலாய்க் கிடந்தார். ஆண்டவர் கையைப் பிடித்துத் தூக்கினார். அவர் எழுந்து பணிவிடை செய்தார் என்று மாற்கு நற்செய்தி முதல் அதிகாரம் சொல்கிறது. இதைக் கேட்டால் சில ஆண்களுக்கு ஒரே மகிழ்ச்சி: "பாருங்க சாமி, குணமானதும் அந்தம்மா நேரா அடுப்படிக்குப் போயிட்டாங்க!"

கொஞ்சம் பொறுங்கள். அங்கே மாற்கு எழுதும் கிரேக்கச் சொல், பாலைநிலத்தில் இயேசுவுக்கு வானதூதர் செய்த பணிவிடைக்கும் வருகிறது. மானிட மகன் தாம் தொண்டாற்றவே வந்ததாகச் சொல்லும்போதும் அதே சொல்தான். அது பெண்களுக்கென்று ஒதுக்கிய வேலை அல்ல.

கல்வராயன் மலையிலிருந்தும் கள்ளக்குறிச்சிப் பக்கத்து ஊர்களிலிருந்தும் புதுச்சேரி ஜிப்மருக்கோ வேலூருக்கோ போய் இதய அறுவை செய்துகொண்டு வரும் தாய்மார்களை நினைத்தே சொல்கிறேன். நெஞ்செலும்பை நடுவில் அறுத்து, வேலை முடிந்ததும் கம்பியால் கட்டுகிறார்கள். தோல் சில வாரங்களில் ஆறிவிடும். எலும்பு கூட இரண்டு மூன்று மாதம் ஆகும். வெளியே காயம் தெரியாததால் வீட்டார் மறந்துவிடுகிறோம். நிறைகுடம் ஒன்று பத்துப் பதினைந்து கிலோ. விறகுக்கட்டு, மரவள்ளி மூட்டை, இடுப்பில் பேரப்பிள்ளை எதுவும் ஆகாது. இருமும்போது தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொள்ளட்டும். மருத்துவர் சொன்ன அளவு நடக்கட்டும். காரணமில்லாமல் அழுதாலோ தூக்கம் வராவிட்டாலோ மந்திரிக்க ஓடாதீர்கள். அறுவைக்குப் பின் பலருக்கும் அப்படி வரும், மருத்துவரிடம் சொல்லுங்கள். உலோக வால்வு வைத்தவர்கள் இரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரையை ஒருநாளும் விடக்கூடாது. ஒருசந்தி என்று மாத்திரையைத் தள்ளிப்போடும் தாய்மாரே, நோயாளிக்கு ஒருசந்திக் கடமை இல்லை. திருச்சபைச் சட்டத்தை அறிந்துதான் சொல்கிறேன்.

வால்வு கெடுவது பல பெண்களுக்குச் சிறுவயதிலேயே தொடங்குகிறது. தொண்டைப்புண்ணைத் தொடர்ந்து காய்ச்சலும் மூட்டு வீக்கமும் வந்து போகும்; பிறகு எல்லாரும் மறந்துவிடுவார்கள். பிள்ளைப்பேற்றுக் காலத்தில் மூச்சு வாங்கும்போதுதான் தெரியவரும். மகளுக்குத் தொண்டைப்புண்ணும் காய்ச்சலும் என்றால் கஷாயத்தோடு நிறுத்தாமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

மாரடைப்பும் சினிமாவில் வருவதுபோல் எப்போதும் வருவதில்லை. பெண்களுக்கு நெஞ்சுவலியோடோ, அது இல்லாமலோ, முதுகிலும் தாடையிலும் வலி, குமட்டல், மூச்சிரைப்பு, காரணமறியா அசதி என்றும் வரும். "வாயுப் பிடிப்பு, சமையலை முடிச்சிட்டுப் பார்ப்போம்" என்று அவர்கள் சொன்னால் கேட்காதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள். மலையிலிருந்து இறங்க நேரமாகும். அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் முதல் மாத்திரைகளைக் கொடுத்து அனுப்பும் 'இதயம் காப்போம்' திட்டம் 2023 முதல் நம் மாநிலத்தில் உண்டு.

அன்பியப் பொறுப்பாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் அன்பியத்தில் ஒரு தாய் அறுவை முடிந்து வந்தால், மூன்று மாதத்துக்கு யார் தண்ணீர் எடுப்பது, யார் சமைப்பது, யார் மறுபரிசோதனைக்குக் கூட்டிப்போவது என்று கூட்டத்திலேயே பெயர் எழுதுங்கள். ஆண்களின் பெயரை முதலில் எழுதுங்கள்.