சித்திரக் கதைகளில் உணர்ச்சிக் குறிகள்

சில ஆண்டுகளுக்கு முன் ஜப்பானியச் சித்திரக் கதை நூலொன்று என் கைக்கு வந்தது. அதில் ஒருவனுடைய நெற்றியோரத்தில் நான்கு வளைகோடுகள் கூடிச் சிலுவைபோல் நிற்கக் கண்டேன். ஐயோ பாவம், அடிபட்டுத் தையலிட்டிருக்கிறார்கள் என்று எண்ணி, அவன்பால் இரக்கங்கொண்டே பல பக்கங்களைப் புரட்டிவிட்டேன். பள்ளியில் பயிலும் என் தங்கை மகன் எட்டிப் பார்த்துச் சிரித்தான். "காயமில்லை மாமா, அவனுக்குக் கோபம்!" என்றான். ஊரையே மிரட்டித் திரிந்த முரடனை நான் நோயாளியாக்கியிருந்தேன்!

அக்குறி புடைத்த நரம்பு. சினங்கொண்டவனை நீல நரம்பு புடைக்க நிற்கிறான் என்பது ஜப்பானிய மொழி மரபு. அத்தொடரையே ஓவியர் கோடாக்கிவிட்டார். ஆங்கிலத்தில், மண்டையில் அடிபட்டவன் நட்சத்திரங்களைக் காண்பான். ஆங்கிலப் படக்கதையிலும் அவன் தலையைச் சுற்றி நட்சத்திரங்களே மின்னும். பிரெஞ்சுக்காரர் வழக்கில் அவன் காண்பவை முப்பத்தாறு மெழுகுவத்திகள். நமக்கோ அடிபட்டால் கண்ணில் பொறி பறக்கும். பசித்தால் பூச்சி பறக்கும். ஆகவே இக்குறிகளை இயற்கையென்று கருதற்க. சிரித்த முகத்தை எந்நாட்டானும் அறிவான். குறியையோ எழுத்தைப்போல் கற்றே அறிய வேண்டும்.

முகத்தை வரையத் தெரிந்தவனுக்குக் குறி எதற்கு என்று கேட்போர் உண்டு. பெல்ஜிய நாட்டு ஓவியர் எர்ஜே 1929-இல் படைத்த டின்டினைப் பாருங்கள். கண்களுக்கு இரு புள்ளிகள், மூக்குக்கு ஒரு சிறு வளைவு, அவ்வளவே. அம்முகத்தில் திகைப்பை எங்கே எழுதுவது? தலையைச் சுற்றித் தெறிக்கும் வியர்வைத் துளிகளே அப்பணியைச் செய்கின்றன. ஆயினும், எடுத்ததற்கெல்லாம் துளி தெளிக்கும் ஓவியனிடம் எனக்கு மதிப்பில்லை.

'பீட்டில் பெய்லி' படக்கதையை 1950-இல் தொடங்கிய அமெரிக்க ஓவியர் மார்ட் வாக்கர், 1980-இல் ஒரு நூல் எழுதி இக்குறிகளுக்கெல்லாம் வேடிக்கையாகப் பெயர் சூட்டினார். வியர்வைத் துளிகள் 'பிளூட்ஸ்' ஆயின. விளையாட்டாக இட்ட அப்பெயர்களுள் சிலவற்றை இன்று ஆராய்ச்சியாளரும் வழங்குகின்றனர்.

நான் தையலென்று எண்ணிய நரம்புக் குறியும் 2010-இல் யூனிகோடு தொகுதியில் இடம்பெற்றது. சொன்ன நேரத்துக்கு நான் போய்ச் சேராவிட்டால், மருமகனிடமிருந்து அது என் கைப்பேசிக்கு வருகிறது. எங்கே அடிபட்டது என்று நான் இப்போது கேட்பதில்லை.